மூட்டைக்கு வேறு இடம்

படகுத்துறையில் இரவுப்பணி முடித்து
உர்வே கொட்டகைக்கு வந்தாள்.
சாரெமா தீவில் இன்னும் பனி.
கடைசல் இயந்திரத்தின் மேல்
ஒன்பது வருடமாய் உருளைக்கிழங்கு மூட்டை.
இறக்கினாள்.

பசைப்புட்டி கல்லாகியிருந்தது. புதிதாய் ஒன்றை
இஞ்சின் அறையிலிருந்து கடன் வாங்கி வந்திருந்தாள்.

முதல் கட்டையில்
உளி ஒரு நூல் நிமிர்ந்துவிட்டது.
படீரென்று பிளந்து
பித்தளைக் குழாய் பல்லிளித்தது.
"சரிதான்" என்றாள், கோபமில்லாமல்.

இரண்டாவதில் கையை விட்டுவிட்டு
சத்தத்தைக் கேட்டாள்.
ஜூனிபர் சுருள்கள்
மிளகு வாசத்தோடு
கம்பளிக் கைக்குள் ஏறின.

பேனா பளபளத்தது.
படகு அட்டவணையின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள்.
வெறும் பள்ளம்.
ரீஃபில் எந்த வருடம் காய்ந்ததோ.

அந்தப் பேனாவாலேயே, அழுத்தி,
சாய்த்துப் பிடித்தால் தெரிகிற மாதிரி எழுதினாள்:
ரீஃபில். பசை.
மூட்டைக்கு வேறு இடம்.