ஒண்டும் குடுக்கல்ல

பதிவேட்டில் ஒரு கேள்வி இருக்கிறது:
வேறு ஏதும் கொடுக்கப்பட்டதா?
விநாயகபுரத்தில் எல்லாரிடமும்
ஒரே பதில்தான்.
"ஒண்டும் குடுக்கல்ல மிஸ்,
தாய்ப்பால் மட்டும்தான்."
நானும் எழுதிக்கொள்வேன்.
நான் எழுதும்போது முற்றத்துச் சுளகில்
ஓமம் காய்ந்துகொண்டிருக்கும்.

மார்கழி. மழை விட்டுவிட்டுப் பெய்தது.
ஸ்கூட்டியைச் சவுக்கு மரத்தடியில் விட்டு
ஈர மணலில் செருப்பை இழுத்துக்கொண்டு போனேன்.
புவிதாவின் பிள்ளைக்கு முப்பத்தெட்டு நாள்.
போன கிழமை நிறுக்கும்போது
தராசுத் துணிக்குள்ளிருந்து என் விரலைப் பிடித்து
விடமாட்டேன் என்று நின்றவன்.
இன்று விரலை வைத்தேன்.
பிடிக்கவில்லை.

"பால் குடிச்சானா?"
"காலையில இருந்து நித்திரை மிஸ். நல்ல நித்திரை."
நல்ல என்பதை
இரண்டாம் தரமும் சொன்னாள்.

உள்ளங்காலைச் சுண்டினேன்.
முனகல் ஒன்று கிளம்பிப்
பாதியில் நின்றது.
நாக்கின் ஓரம் கறுப்பு.
அடுக்களைத் தட்டில் ஒரு சின்னக் கரண்டி
கவிழ்ந்து கிடந்தது.
எடுத்து மணந்து பார்த்தேன்.
சுட்ட வசம்பு. தேன்.
அதற்கும் அடியில் சாதிக்காய்.

பேர் சொல்லாதது என்பார்கள் வசம்பை;
இரவில் அதன் பெயர் வாயில் வரக்கூடாதாம்.
பகல் பதினொரு மணிக்கும்
அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

நான் ஏசவில்லை.
போன வருஷம் கடற்கரைத் தெருவில்
ஒருத்தியை ஏசிவிட்டு வந்தேன்.
பிறகு அந்தத் தெருவில்
ஏழு கதவுகள் எனக்குத் திறக்கவில்லை.
"புவிதா, டொக்டருக்குக் கணக்கு மட்டும்தான் வேணும்.
என்ன, எவ்வளவு, எத்தனை தரம்.
ஏன் எண்டு கேக்கமாட்டார்."

அவள் போனை நீட்டினாள்.
கட்டாரிலிருந்து வந்த குரல்,
பின்னால் லொறிகளின் இரைச்சல்.
"புள்ள கத்துறது இஞ்ச மட்டும் கேக்குது புவி.
றூம்ல ஒரு அண்ணன் சொன்னவர், எழுதிக்க.
வசம்பைச் சுட்டு, சாதிக்காய் உரைச்சு,
தேன்ல குழைச்சு நாக்குல தடவு.
அழாமக் கிடப்பான்.
குடுத்திட்டுச் சொல்லு."
நாற்பத்திமூன்று விநாடி.

தூக்கித் தோளில் போட்டு
முற்றத்தில் நாலு சுற்று நடக்க முடியாதவனிடம்
அனுப்புவதற்கு வேறென்ன இருந்தது?

நேற்று மூன்று தரம். இன்று விடிய ஒன்று.
அரைவாசிச் சாதிக்காய் கல்லிலே போயிருந்தது.

அம்புலன்ஸ் வந்தது.
தம்பிலுவில் தாண்டி அக்கரைப்பற்று வரைக்கும்
அவன் மூச்சை எண்ணிக்கொண்டு இருந்தேன்.
நாற்பதுக்குக் கிட்ட ஒரு பள்ளத்தில் சில்லு விழுந்து
கணக்குத் தவறியது.
மறுகா ஒன்றிலிருந்து.
புவிதாவின் மடியில் ஒரு ஷொப்பிங் பை:
துவாய், தொப்பி, கிளினிக் கொப்பி,
கழுவாத அந்தக் கரண்டி.

நாலாம் நாள் ரிக்கற் வெட்டினார்கள்.
அது பிறகு.

அன்றிரவு என் மகனுக்கு இருமல்.
ஆறு வயது.
கொத்தமல்லி வறுத்தேன், இஞ்சி தட்டிப் போட்டேன்,
யோசித்துச் செய்ததாக ஞாபகம் இல்லை.
ஆறவிட்டு, பனடோல் பாணிப் போத்தலின் மூடியில்
கோடு பார்த்து ஊற்றினேன்.
குடிக்கமாட்டேன் என்று நெளிந்தான்,
ஒரு கரண்டி சீனிக்கு இணங்கினான்.

வேலிக்கு அந்தப் பக்கம் சறோ:
"என்னகா, மணக்குது? புள்ளைக்கு என்ன குடுக்கிறீங்க?"

"ஒண்டும் இல்ல"
என்று வாய் சொல்லிவிட்டது.

அவள் விளக்கை அணைக்கப் போனாள்.
மூடியைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
மறுகா வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டேன்.
"சறோ,
கொத்தமல்லித் தண்ணி.
ரெண்டு மூடி.
இவனுக்கு ஆறு வயசு, அதனால.
உங்கட சின்னவளுக்குக் குடுத்திராதீங்க."