கருங்காலி

பழைய பஸ் ஸ்டாண்டில் மகன் வாங்கிவந்தான்.
நூற்றெட்டு மணி, ஐந்நூற்றைம்பது ரூபாய்.
"அசல் கருங்காலிப்பா. பிரஷருக்கு நல்லதாம்."
கழுத்தைக் குனிந்து கொடுத்தேன்.
குனிந்தபோதுதான்
அந்தச் சொல் என்னைத் திரும்பிப் பார்த்தது.

மாமாங்கத்தில் வெள்ளைக்கல் சூளைகள்
அணைந்து கிடந்தன நாற்பத்தொரு நாள்.
புருவத்தில் தூசி இல்லாமல்
ஒருவர் முகத்தை ஒருவர்
அப்போதுதான் சரியாகப் பார்த்தோம்.
பந்தலில் கஞ்சி தண்ணீராகி,
தண்ணீரும் பேச்சாகிவிட்டது.

மறுநாள் விடிகாலை
மாதையன் உள்ளே போனான்,
டிபன் டப்பாவைத் துண்டால் மூடிக்கொண்டு,
திருடியதை எடுத்துப்போகிறவன் மாதிரி.

யார் முதலில் கத்தியது?
நான் என்றுதான் நினைக்கிறேன்.
ஐந்தெழுத்து.
மந்திரம்போல் நூறு வாய் வாங்கிக்கொண்டது.
அன்றிரவு அவன் கதவில் எழுதியதும் நான்தான்.
கரி கிடைக்கவில்லை,
வெள்ளைக்கல்லால் எழுதினேன்.

ஓடுகாலி என்றால் புரிகிறது,
ஓடிய கால் இருக்கிறது அதில்.
இது உலக்கைக்கு ஆகிற மரம்,
கரையான் வாய்வைக்காத மரம்,
ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.
வளைந்துபோனவனுக்குப் போய்
இந்தப் பெயரை யார் வைத்தார்களோ.
கேட்க அன்று நேரமில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் ஒப்பந்தம்.
கேட்டதில் கால்வாசி.
மாலை போட்டுக்கொண்டு
அதே கேட்டில் எல்லோரும் நுழைந்தோம்.

மூன்று நாள்.
அவனுக்கும் எங்களுக்கும் நடுவே மூன்றே நாள்.
அதை இருபத்தாறு வருடம் இழுத்தோம்.
டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும்.
பள்ளிக்கூடத்தில் அவன் மகளுக்கு
அதுவே இனிஷியல்.
அவள் கல்யாணப் பந்தியில்
பாதி இலை விரிக்காமலே சுருண்டு கிடந்ததாம்.
கேள்விதான். நான் போகவில்லை.
ஏன் உள்ளே போனாய் என்று
அவனையும் கேட்டதில்லை.
குழந்தைக்குக் காய்ச்சல் என்றார்கள்.
மானேஜர் காசு என்றார்கள்.
போன ஆடியில் செத்துப்போனான்.

மாலையைக் கழற்றிச்
சொம்புத் தண்ணீரில் போட்டிருக்கிறேன்.
அசலாக இருந்தால் சாயம் விடும்
என்றானாம் கடைக்காரன்.
விளக்கை அணைக்காமல்
பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
தண்ணீர் மெல்லச் சிவக்கிறது.

செத்துப்போன என் மனைவிக்கு மட்டும் தெரியும்:
அந்த நாற்பத்தொன்றாம் நாள் இரவு
என் காக்கிச் சட்டையை
நானும் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன்.
மார்கழி.
சேர்வராயன் மலையிலிருந்து பனி இறங்கி
தெருவெல்லாம் நின்றது.
நாலு மணிக்கு எழுந்து தொட்டுப் பார்த்தேன்.

சட்டை காயவில்லை.