ஏழு மணிப் பக்கம்

கேப்பர் மலைச் செம்மண் மேட்டில்
ஆண்டுக்கு ஒருமுறை எங்களுக்குச் சுடும் நாள்.
பத்துத் தோட்டா. இருபத்தைந்து கெஜம்.
என் பத்தும் போய் விழுவது
வட்டத்துக்கு வெளியே, கீழே, இடதுபக்கம்,
கடிகாரத்தில் ஏழு இருக்கும் இடத்தில்.

போன வருஷம் காற்றைச் சொன்னேன்:
தேவனாம்பட்டினத்திலிருந்து ஏறி வருகிறது, சார்.
அதற்கு முந்தைய வருஷம் ஆயுதக் கிடங்கைச் சொன்னேன்:
முன்குறி கோணல்.
அதே துப்பாக்கியை வாங்கி அமலோற்பவம் சுட்டாள்.
ஆறு தோட்டாவும் ஓர் இட்லி அகலத்துக்குள்.
திருப்பித் தரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.
அதுதான் உறுத்தியது.

இந்த வருஷம் அவளையே நிரப்பித் தரச் சொன்னேன்.
முதுகைத் திருப்பிக்கொண்டு நிரப்பினாள்.
பத்தில் மூன்று, மருந்தில்லாத தோட்டா.
எது எங்கே என்று எனக்குத் தெரியாது.

முதலாவது வெடித்தது. இரண்டாவதும்.
மூன்றாவதற்கு விசையை இழுத்தேன்.
டிக்.
வெடியில்லை, உதைப்பில்லை, புகையில்லை,
ஆனாலும் துப்பாக்கியின் மூக்கு
பெரிய அதிகாரி வந்துவிட்டதுபோல் குனிந்தது.
கூட நின்ற நாலு பேரும் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.
வராத சத்தத்துக்கு
மணிக்கட்டு முந்திக்கொண்டு சொன்ன பதில்.

"எப்ப வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியுது மேடம்,
அதான் கோளாறு."

அன்றிரவு புதுப்பாளையம் குவார்ட்டர்ஸில்
படுத்தபடி எண்ணினேன்:
வயர்லெஸ் கரகரக்கும் முன்பே ஏறும் தோள்.
எதிர்வீட்டுப் பையன் திரியைப் பற்றவைக்கும் முன்பே
இறுகும் கண்.
தானே அடித்த வருஷத்திலிருந்து
மார்கழியில் காற்று லேசாகத் தூக்கினாலே
ஜன்னல் கொக்கியைத் தேடிப் போகும் கை.
எல்லாம் ஏழு மணிப் பக்கம்.

துப்பாக்கி வீட்டுக்கு வராது. பேனா வரும்.
சொடுக்குப் பேனாவின் தலையில்
விரல்நுனிச் சதையை வைத்து அழுத்தினேன்,
புகார் எழுதும் இடைவெளியில்,
கெடிலம் பாலத்து நெரிசலில், ஜீப்பில்,
எண்ணெய் காயும்வரை அடுப்படியில்.
வெடுக்கென்று இழுக்கக் கூடாது.
லாரித் தண்ணீர் குடத்தில் ஏறுவதுபோல்
அழுத்தம் ஏறவேண்டும்,
வழியும் நொடி குடத்துக்கே தெரியாமல்.
டிக் என்னைத் திடுக்கிட வைத்தால் சரி.
காத்திருந்து கேட்டால் தப்பு.
"யாருக்கு மேடம் மெமோ?" என்றார்
டிரைவர் இளவழுதி.

ஆறு சனிக்கிழமை கிடங்கில்,
காலித் துப்பாக்கியின் முதுகில் பழைய நாலணா.
முதல் வாரம் தரையெல்லாம் நாலணாச் சத்தம்.
இடதுகை இறுக்கிப் பிடிக்கட்டும்,
மஞ்சக்குப்பம் ரவுண்டானாவில் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல்,
நசுக்காமல், விடாமல்.
வலதில் ஒரு விரல் மட்டும் தனியாக,
மற்ற நாலுக்கும் தகவல் சொல்லாமல் நகரட்டும்.

கண்தான் கடைசிவரை மல்லுக்கு நின்றது.
எதிரில் நிற்பவனின் கையையே பார்த்துப் பழகிய
பத்தொன்பது வருஷக் கண்.
அதை இழுத்துவந்து முன்குறியின் விளிம்பில் உட்காரவைத்து
அட்டை மங்கினால் மங்கட்டும் என்று விடுவது
எனக்குப் பயமாகவே இருந்தது.

மறுதேர்வு ஆவணியில்.
முந்திரித் தோப்பில் இலை அசையவில்லை;
சாக்குச் சொல்லக் காற்றும் இல்லை.
மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி
முனை லேசாக ஆடியதை ஆடவிட்டு அழுத்தினேன்,
அழுத்தினேன்,
"அட!" என்று கத்திவிட்டேன்.
வெடித்தது துப்பாக்கி.
ஆய்வாளர் முறைத்தார்.

ஒன்பது துளை என் உள்ளங்கைக்குள் அடங்கின.
ஒன்று மட்டும் ஏழு மணியில்.
எத்தனையாவது என்று அட்டை சொல்லாது, எனக்குத் தெரியும்:
எட்டும் நன்றாக விழுந்திருக்கும் என்று
நினைத்தபடி சுட்ட ஒன்பதாவது.

அட்டையைச் சுருட்டும் முன்
அமலோற்பவம் அந்தத் துளையில் கண்ணை வைத்து
மேட்டைப் பார்த்தாள்.
"செம்மண்ணுதான் தெரியுது மேடம்" என்றாள்.