குண்டு விழுந்த தூரம்

பாண்டிச்சேரிக்குத்தான் கிளம்பினோம்.
போனில் அறை வாடகை கேட்ட ஜெசிந்தா
கடலூரிலேயே இறங்கிவிட்டாள்.
பின்னாலேயே நானும் இரண்டு பைகளும்.

மஞ்சக்குப்பத்து லாட்ஜ் மின்விசிறி
மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.
ஜவ்வரிசி ஆலைக் கணக்கு நோட்டை
சேலத்தில் விட்டுவந்த கைகள்
செய்வதறியாமல்
சாவி வளையத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தன.

கோட்டை பார்க்க ஆட்டோ பிடித்தோம்.
ஆட்டோவில் எழுதியிருந்த பெயர் அஞ்சாபுலி.
ஓட்டியவரும் அஞ்சாபுலிதான்.
தேவனாம்பட்டினத்தில் நிறுத்தி
"இதாம்மா கோட்டை" என்றார்.

காரை உதிர்ந்த சுவர்த்துண்டு.
நிழலில் நாலு ஆடுகள்.
சீட்டு கிழிக்க ஆளில்லை.
ஓர் ஆடு மட்டும் எங்களைச் சரிபார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டது.

"வெள்ளைக்காரன் இத வாங்குறப்ப
பீரங்கி வச்சு நாலாபக்கமும் சுட்டானாம்.
குண்டு போயி விழுந்த இடம் வரைக்கும் அவன் ஊரு.
எம் மாமியா வீடு அதுல ஒண்ணு.
இன்னிக்கும் பேர்ல குண்டு இருக்கு."

ஜெசிந்தா சுவரில் ஏறி
கெடிலம் போகும் திசையைப் பார்த்தாள்.
"அளக்க ஒரு சங்கிலி கெடைக்கலயா அவனுக்கு?"
சர்வேயர் வேலைக்கு
ஏழு வருடம் பரீட்சை எழுதியவள்.

பசித்தது.

கடலோரத் தகரக்கொட்டகையில்
சந்திரமதியக்கா சங்கராவைக் கல்லில் போட்டாள்.
மீன் புரண்டு படுத்தபோது
வாசம் ஒருமுறை வெடித்தது.
முதலில் நாய் வந்தது.
பிறகு இரண்டு காக்கை.
அலையில் நின்ற புதுமணத் தம்பதி
பேச்சைப் பாதியில் விட்டுத் திரும்பினார்கள்.
எங்கோ தள்ளி வலை பிரித்தவர்கூட
மூக்கைத் தூக்கினார்.

"அதுவரைக்கும் நம்ம ஊரு" என்றாள் ஜெசிந்தா,
மீன்முள்ளால் மணலில் கோடு கிழித்து.

சுறாப்புட்டு இரண்டாம் தட்டும் கேட்டோம்.
ஆலையிலிருந்து வந்த அழைப்பை
எடுக்க முடியவில்லை; விரலெல்லாம் மசாலா.
உண்மையாகவே எடுக்க முடியவில்லை.

மறுநாள் சேலம் பஸ்.
பண்ருட்டிப் பலா, பாதி.
செய்தித்தாளில் சுற்றி, பைக்குள் பை போட்டு,
அதன்மேல் என் துப்பட்டாவும் சுற்றி
காலடியில் ஒளித்துவைத்தோம்.
வடலூர்கூடத் தாண்டவில்லை,
முன்சீட்டுக் குழந்தை திரும்பியது.
நெய்வேலிக்குள் மூன்று வரிசை.
விருத்தாசலத்தில் டிரைவர்
கண்ணாடியில் எங்களைத் தேடினார்.
சின்னசேலம் வந்ததும் கண்டக்டர்
தோல்பையை முதுகுக்குத் தள்ளிக்கொண்டு
"யாரும்மா பலாப்பழம்?"

பத்திரமில்லை, கையெழுத்தில்லை,
ஒரு பஸ்ஸே எங்கள் வசம்.
ஜெசிந்தா எழுந்து நின்று தலைகளை எண்ணினாள்.
உட்கார்ந்தவர்கள் ஐம்பத்திரண்டு, நின்றவர்கள் தனி.
சுளை நாற்பது தேறினால் பெரிது.
"குழந்தைங்களுக்கு முழுசு, மத்தவங்களுக்குப் பாதி" என்று
பிரிக்க ஆரம்பித்தாள்.

"கொட்டையக் கீழ போடாதீங்க" என்றார் கண்டக்டர்,
இரண்டாவது சுளைக்குக் கை நீட்டியபடி.