4417

எங்கள் ஜுபைல் கேம்ப்பில்
சூசைமிக்கேல்கள் மூன்று பேர்.
இருவருக்கு அப்பா பெயரும் ஒன்றே.
பிறந்த நாளோ, யாரோ ஒரு தலைமையாசிரியர்
பள்ளியில் சேர்க்கையில் போட்டுவிட்ட ஜூன் ஒன்று.

பாஸ்போர்ட் எண்ணை வை என்றார் ஹிஷாம்.
புதுப்பித்தால் அது மாறிவிடும்.
அதனால் அர்த்தமே இல்லாத ஓர் எண் கொடுத்தேன்.
அர்த்தம் இல்லாததால் மாற வேண்டிய காரணமும் இல்லை.
இன்னொருவருக்கு வராது, காலியாக இருக்காது.
முதன்மைச் சாவி.

கட்டில் அட்டவணையில் அவர் பெயர் கிடையாது,
4417 மட்டும்.
மெஸ்ஸிலும் ஓவர்டைமிலும்
பல் பிடுங்கிய செலவிலும் 4417.
தன் அட்டவணையில் முதன்மை,
அடுத்ததற்குப் போனால் அயல்.
அதே நான்கு இலக்கம்தான்.
கொஞ்ச நேரம் ஜன்னலில்
ஆலைப் புகைபோக்கியின் தீயைப் பார்த்திருந்தேன்.

எனக்கு முன்னிருந்தவர் இப்படிக் கட்டிவைக்கவில்லை.
பழைய மெஸ் கணக்கில் 3082
பதினொரு ரியாலுக்குச் சாப்பிட்டிருக்கிறார்:
மீன் குழம்பு, இரண்டு ரொட்டி, ஒரு லபன்.
3082 என்று ஆள் எங்கேயும் இல்லை.
பசித்தது யாருக்கு?

வியாழன் மாலை,
ஊருக்குப் போய்விட்டவர்களை நீக்கச் சொன்னார்கள்.
கணக்குத் தீர்ந்தவர்களின் வரிசைகள்
முன்பே காப்பகத்துக்குப் போயிருந்தன.
நாற்பதில் முப்பத்தொன்பது சத்தமில்லாமல் அழிந்தன.
ஒன்று மறுத்தது.
சிவப்பில் ஒரு வரி:
வேறோர் அட்டவணை இதைச் சுட்டிக்கொண்டிருக்கிறது.

தேடினேன்.
கட்டில் காலி. மெஸ் பாக்கி இல்லை. ஹெல்மெட் திருப்பியாயிற்று.
ஓவர்டைமில், ஜூலை மாதம்,
அறுபத்தொரு மணி நேரம்.
கொடுத்த தேதி என்ற கட்டம் வெறுமை.
ஜூலையில் இங்கே இரும்பைத்
தொட்டவனுக்குத் தெரியும்.

ஒரு சொல் இருக்கிறது, கேஸ்கேட்.
அதைச் சேர்த்துவிட்டால்
தாய் வரிசையோடு பிள்ளைகளும் போய்விடும்.
ஹிஷாமுக்கும் அந்தச் சொல் தெரியும்.
"சேர்த்துவிடேன், டீ ஆறுகிறது."

சேர்த்தால் மெஸ் கணக்கு குழம்பும் என்றேன்.
பொய்.
அவர் டீயைக் குடித்தார்.

கணக்குப் பிரிவுக்கு ஒரு மெயில்:
4417, அறுபத்தொரு மணி, நிலுவை.
பெயர் எழுதவில்லை.
எழுதினால்
வேறு சூசைமிக்கேலுக்குப் போய்விடும்.