சோதனைச் சாவடி

டொக்டர் விதானகே சிங்களத்தில் சொல்வதை
நான் தமிழில் சொல்ல வேண்டும்.
கட்டி, ஊசி, வலி, வெறும் வயிறு
எல்லாம் இலகு. பதினொரு வருஷப் பழக்கம்.
அன்றைக்கு ஓர் ஆங்கிலச் சொல்லில்
இரண்டு பேருமே நின்றுவிட்டோம்.
செக்பொயின்ற்.

தவமலர் அக்கா நாற்காலி விளிம்பில் இருந்தார்.
மூதூர் லோஞ்சின் உப்புநீர்
சேலைக் கரையில் இன்னும் காயவில்லை.
வலது சிறுநீரகம் எடுத்து இரண்டு வருஷம்.
நெஞ்சுப் படத்தில் இப்போது ஒன்பது புள்ளிகள்.
போன வருஷம் கொடுத்த மாத்திரையில்
உள்ளங்கால் தோல் உரிந்து
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கிளினிக் வந்தவர்.

நான் சொல்லிப் பார்த்தேன்:
உங்கட ரத்தத்தில காவல் இருக்கு, அக்கா.
புற்றும் அதுக்கு முன்னாலதான் போகுது.
ஆனா ஒரு அட்டையை நீட்டுது,
நானும் இந்த உடம்புதான் எண்டு.
காவல் பார்த்திட்டு விட்டிடுது.

“ஐ.சி.யா, மிஸ்ஸி?”

ஓம். கள்ள ஐ.சி.

அவர் ஜன்னலைப் பார்த்தார்.
வெளியே மதிலோரம் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின்
தாளைத் தின்றுகொண்டிருந்தது.

“உவர்மலை ஏத்தத்தில அண்ணரை இறக்கினவங்கள்.
பையில பால்மா டின் ரெண்டு.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்கள்.
அது உண்மையான அட்டை, மிஸ்ஸி.”

என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார்.
விளங்கியதாம் சேர், என்றேன்.

புது மருந்து புற்றைத் தொடாது.
அட்டை பார்க்கும் கையைத்தான் கட்டிப்போடும்.
பிறகு காவல் தானாகச் சுடும்.
பிழைத்தால் சொந்த வீட்டையும் சுடும்:
குடல், ஈரல், தைரொயிட்.
இதைச் சொல்ல நான் சொல் தேடவில்லை.
பாதியிலேயே “தெரியும்” என்றார்.

டொக்டர் கொப்பியின் பின்தாளில் ஒரு கோடு கீறினார்.
சுவாமிமலைப் பாறைபோலச் செங்குத்தாக விழுந்து
பிறகு உள்துறைமுகத் தண்ணீராய்த்
தட்டையாக, நீளமாக, தாள் முடியும்வரை.
இந்தத் தட்டையில் நிற்கிறவர்கள் நிற்கிறார்கள், என்றார்,
ஐந்து வருஷம், அதற்கும் மேலே.
எத்தனை பேர்?
நாலில் ஒருவர்.
எந்த ஒருவர்?
பேனையை மூடினார்.
“அதுதான் எங்களுக்கும் தெரியாது.”
அவரிடம் எனக்குப் பிடித்த வசனம் அது.

குப்பி ஒன்றின் விலைக்குப்
படகு எஞ்சின் ஒன்று வாங்கலாம்.
ஆஸ்பத்திரிப் பட்டியலில் இல்லை.
நிதியத்துக்கு நான் எழுதிய கடிதம்
எங்கேயோ ஒரு மேசையில் கிடக்கிறது.
தம்பி நிலாவெளிக் காணியை விற்றான்,
கடல் தெரிகிற பக்கம்.

மாதம் ஒருக்கால் ஒரு மணித்தியாலம்
தண்ணீர்போல இறங்கும். நிறமும் இல்லை.
“இதுக்கா அவ்வளவு காசு?” என்பார்,
சொட்டுகளை எண்ணிக்கொண்டு.

ஐந்தாம் மாதம் படம் வந்தது.
தைரொயிட் செத்துவிட்டது. அதற்கு
விடிய வெறும் வயிற்றில் ஒரு குளிசை, ஆயுசுக்கும்.
நெஞ்சில் ஒன்பதில் ஐந்து
படத்தில் இல்லை.

சொல்லுங்கள், என்றார் டொக்டர்,
அவர் முகம் மலர்ந்திருந்தது,
ஐந்து காணாமல் போய்விட்டது என்று சொல்லுங்கள்.

வாயைத் திறந்தேன்.
அந்தச் சொல் வரவில்லை.
இந்த ஊரில் அந்தச் சொல்லைப்
படத்தோடு பிடித்துக்கொண்டு
வெயிலில் இருக்கிறார்கள்.

“அஞ்சு கரைஞ்சிட்டுது, அக்கா.”

“மற்ற நாலு?”

“இருக்கு.”

தலையாட்டினார். கொப்பியை வாங்கினார்.
சுவர் மணிக்கூட்டைப் பார்த்து,
ரெண்டரை லோஞ்சு போயிருக்குமா, என்று கேட்டார்.