எழுநூற்று நாற்பது

இரவு இரண்டு மணிக்குச் சுண்டுவிரல்
எனக்கு முன்பே விழித்துக்கொள்கிறது,
அல்லது எனக்கு முன்பே செத்துப்போகிறது.
எதுவென்று அதனிடம் கேட்க முடியாது.
கையை உதறுகிறேன்.
"மறுபடியுமா" என்கிறாள் தமயந்தி,
கண் திறக்காமல்.

பத்தொன்பது வருஷமாக
செம்பனை ஆலையில் வெல்டர்.
கொதிகலனில் உள்ள ஒட்டெல்லாம் என் கைவேலை.
கிரைண்டர் பிடித்த கைக்கு
ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு.
அதையும் பதினாலாம் நம்பர் காட்டுச் சரளைப் பாதையில்
சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டேன்.
அலுமினிய ஹேண்டில்
ஒரு கல்லையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாது.
வந்ததை வந்தபடி
மணிக்கட்டில் கொட்டிவிட்டுப் போகும்,
ஆலை வாசலில் குலை இறக்கும் லாரி மாதிரி.

பகாவ் கடைத்தெருவில் கோக் வாய்
முதலில் கார்பனை எடுத்துக் காட்டினார்.
இறகு.
"நல்ல சாமான்" என்றார் தமிழில்.
"தாப்பி" என்று மலாயில் ஓர் 'ஆனால்' போட்டார்.
மிச்சத்தை அவர் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும்.
தீபாவளிக்கு முந்தின வாரம்
ஓடைப் பாலத்தருகே
ஜெகதீசனுடையது சொல்லாமல் ஒடிந்தது.
இரும்பென்றால் வளையும், முனகும்,
போகுமுன் ஒரு கீறலாவது காட்டும்.
உதட்டில் ஏழு தையல்.
இன்றும் 'ப' சொன்னால்
கொஞ்சம் காற்று சேர்ந்து வருகிறது.

அடுத்தது டைட்டேனியம்.
பூச்சு இல்லை,
மழைக்கு முந்தின வானத்தின் சாம்பல் மட்டும்.
திருப்பித் திருப்பித் தையலைத் தேடினேன், தொழில் புத்தி.
கிடைக்கவில்லை.
இந்த உலோகத்தை ஒரே ஒரு தடவை
சிரம்பான் பயிற்சியில் பற்றவைத்திருக்கிறேன்.
சூட்டில் காற்று பட்டால் கோபித்துக்கொள்ளும்.
வைக்கோல் நிறம், ஊதா, நீலம்,
கடைசியில் வெள்ளைப் பொடி.
நான் செய்தது நீலம்.
குப்பையில் போட்டார்கள்.
அழகாகத்தான் இருந்தது.

ஆயிரத்து நூற்றைம்பது வெள்ளி.
"ரெண்டு கதவு ஐஸ்பெட்டி என்ன விலை தெரியுமா?"
தெரியும். அதே விலை.
"ஐஸ்பெட்டி பத்து வருஷம்தான் உழைக்கும்" என்றேன்.
"நம்முடையதுக்குப் பதினாலு" என்றாள்.
அவள் கட்சிக்கு
நானே சாட்சி சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் அன்று சாயங்காலம்
தையல் நாடாவை எடுத்துவந்தவள் அவள்தான்.
கண்ணை மூடித் தண்டால் எடு,
கை தானாக விழும் இடம்தான் அகலம்
என்று கோக் வாய் சொல்லியிருந்தார்.
சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடந்தேன்.
"எழுநூற்று நாற்பது" என்றாள் முதுகுக்கு மேலிருந்து.
"இன்னொரு தடவை எடு."
எடுத்தேன்.
"எழுநூற்று நாற்பதேதான். தொப்பை தரையில் இடிக்குது."

கடையில் இருந்தது எழுநூற்று எண்பது.
பின்வளைவு ஒன்பது பாகை:
யாருக்கோ கைகட்டி நிற்காமல்
முழங்கை தன்பாட்டில் தொங்குகிற அளவு.
பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் அறுக்க வேண்டும்.
கிரைண்டரைத் தொடவில்லை.
கெடுத்தவனையே வைத்தியத்துக்குக் கூப்பிடுவதா?
கைவாள், கொஞ்சம் எண்ணெய்,
பக்கத்துக்கு நாற்பது நிமிஷம்.

இரண்டு வளையங்கள் விழுந்தன.
ஒன்று உருண்டு அலமாரிக்கு அடியில் போனது,
இன்னும் அங்கேதான்.
மற்றதை நடுவிரலில் மாட்டிப் பார்த்தாள்.
"துருப்பிடிக்குமா?"
"பிடிக்காது."
"பாசாக் கடைக்காரன் எடுப்பானா?"
"மாட்டான்."
தொளதொளவென்று இருக்கிறதென்று
திரைச்சீலைக் கயிற்றில் கோத்துவிட்டாள்.

ஞாயிறு.
பதினாலாம் நம்பர்.
கற்கள் அப்படியே இருக்கின்றன,
இறக்கத்தில் காய்ந்த மட்டை, முள், லாரித் தடம்.
கல் வந்து மோதுவதில்லை இப்போது,
கல்லைப் பற்றிய சேதி வருகிறது.
ஹேண்டில் அதைப் படித்துவிட்டு
சுருக்கமாகச் சொல்கிறது.

குணமாகிவிட்டதென்று சொல்லமாட்டேன்.
இரண்டு மணிக்கு விழித்த விரல்
நாலு மணிக்கு விழிக்கிறது.
தமயந்தி தூங்குகிறாள்.
திரைச்சீலை அசையவில்லை.
அடுப்படியில்
பழைய ஐஸ்பெட்டி மட்டும்
நடுங்கிக்கொண்டிருக்கிறது.